மாப்பிள்ளை கை வைத்த வண்டி

அண்ணன் வீட்டு வாசலில் கார் நடுங்கிக்கொண்டிருந்தது.

நெற்றியில் மூன்று விரலால் இழுத்த விபூதி, நடுவில் குங்குமம், கழுத்துக்குச் சாமந்தி மாலை. எஞ்சின் உதறிய உதறலில் மாலைப் பூக்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து தரையில் விழுந்தன. ஓடும், நின்றுவிடப் பார்க்கும், இருமிக்கொண்டு மறுபடி ஓடும். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் மஞ்சள் விளக்கு ஒன்று விடாமல் எரிந்தது.

காய்ச்சல்காரனின் கட்டிலைச் சுற்றி நிற்பதுபோல் நாங்கள் சுற்றி நின்றோம். அண்ணன், அண்ணி, அண்ணன் மகள் சௌமியா, நான். பண்ணையில் கோழிகள் கத்துவது கேட்டது.

"நேத்துத்தான பார்த்துக் குடுத்தாங்க?" என்று அண்ணி ஆரம்பித்தார்.

"அந்தப் பையன் பார்த்த லட்சணம் இதுதான்" என்றார் அண்ணன்.

வண்டி நன்றாக ஓடும்போது, சௌமியாவுக்குப் பார்த்திருந்த மெக்கானிக் நவீன் அவருக்கு 'மாப்பிள்ளை'. வண்டி நடுங்கினால் 'அந்தப் பையன்'. அந்த மாதத்தில் நவீன் பலமுறை மாப்பிள்ளையாகிப் பலமுறை பையனானார். நிச்சயதார்த்தத்துக்கு நாள் குறிக்கவேண்டிய நேரத்தில் நாங்கள் வாசலில் நின்று எஞ்சின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தோம். என் பையில் நிச்சயப் புடவை இருந்தது. எங்கள் ஊர் இளம்பிள்ளையில் நானே நின்று சொல்லி நெய்யவைத்த அரக்கு நிறப் பட்டு. சேலை விற்பதுதான் என் பிழைப்பு என்பது இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

போன வாரம் இதே பக்கத்தில் என் வீட்டுக்காரரின் குறட்டையைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு அண்ணன் போன் செய்தார். "ஏஞ் சரோஜா, என்னையுங் கின்னையும் எழுதிப்போடாத" என்றார். அதுவரை எனக்கு அந்த எண்ணமே இல்லை. ஞாபகப்படுத்தியது அவர்தான்.

பரீட்சை

என் அண்ணனுக்கு மோகனூர் பக்கம் கோழிப்பண்ணை. மூட்டை மூட்டையாகத் தீவனம் வாங்கி, முட்டைகளை லாரியில் ஏற்றி அனுப்புகிற மனுஷன். எதையும் சோதிக்காமல் வாங்கமாட்டார். தீவனத்தை மோந்து பார்ப்பார். தவிட்டை வாயில் போட்டு மெல்லுவார். மாப்பிள்ளையை மெல்ல முடியாது என்பதால் வேறு வழி வைத்திருந்தார்.

எங்கள் பக்கம் ஒரு வரன் வந்தால் ஜாதகம் பார்ப்பார்கள், கோயிலில் பூ வைத்துக் கேட்பார்கள், பையன் ஊரில் டீக்கடையில் உட்கார்ந்து விசாரிப்பார்கள். அண்ணன் இதெல்லாம் போதாது என்பார். பையன் என்ன தொழில் செய்கிறானோ அந்தத் தொழிலிலேயே அவனுக்கு ஒரு வேலை கொடுத்துப் பார்ப்பார்.

முதலில் வந்த வரன் ஒரு கால்நடை மருத்துவர். பெண் பார்க்க வந்து, கேசரியில் கை வைத்திருந்தவரின் முன்னால் அண்ணன் ஒரு நோய்க்கோழியைக் கொண்டுவந்து வைத்தார். அவர் பாவம், கேசரியையும் கோழியையும் மாறி மாறிப் பார்த்தார். மருந்து ஒன்றைச் சொன்னார். மறுநாள் கோழி செத்துப்போயிற்று. அது ஏற்கெனவே சாகக் கிடந்த கோழி. இருந்தாலும் வரனும் அதோடு போயிற்று.

அடுத்து வந்தவருக்கு பேங்க்கில் வேலை. அவருக்கு என்ன பரீட்சை என்று கேட்காதீர்கள். அண்ணன் அந்த பேங்க் வாசலைக்கூட இப்போது மிதிப்பதில்லை.

மூன்றாவதுதான் நவீன். நாமக்கல் பைபாஸ் ஓரத்தில் சொந்தமாகக் கார் ஒர்க்‌ஷாப். டிப்ளமோ படித்தவர். கம்ப்யூட்டரை வண்டியில் செருகிக் கோளாறு பார்ப்பார். நல்ல நிறம், நல்ல குடும்பம், வாயைத் திறந்தால் 'ங்க' இல்லாமல் ஒரு சொல் வராது. சௌமியாவுக்கும் பிடித்திருந்தது. அவள் நாமக்கல்லில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். எதற்கும் சீக்கிரம் சிரிக்கமாட்டாள். நவீனைப் பற்றிக் கேட்டபோது சிரித்தாள். அத்தைக்கு அது போதாதா?

அண்ணனுக்குப் போதவில்லை. காரில் ஏசி குளிர் பத்தவில்லை என்று இரண்டு கோடையாகப் புலம்பிக்கொண்டிருந்தவர், "வண்டிய அந்தப் பையன் கிட்டயே உடறேன். கைப்பக்குவம் எப்புடின்னு பார்த்துப் போடலாம்" என்றார்.

கிணறு வெட்டப் பூதம்

ஏசி பிரமாதமாகச் சரியானது. பெருமாள் கோயில் கர்ப்பக்கிரகம் மாதிரி குளிருகிறது என்று அண்ணன் ஊரெல்லாம் சொன்னார். 'மாப்பிள்ளை' என்ற சொல் அப்போதுதான் முதலில் வந்தது.

மறுநாள் காலையில் வண்டி நடுங்கியது.

ஏசி பார்க்கக் கொடுத்த வண்டி எஞ்சின் கோளாறோடு வந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? அந்த அளவுக்கு அண்ணன் பக்கம் நியாயம் இருக்கிறது. ஒர்க்‌ஷாப்புக்குப் போய்வந்த வண்டியில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால், உள்ளே போனபோது இல்லாதது வெளியே வரும்போது எப்படி வந்தது என்றுதான் எல்லோரும் கேட்போம். ஒரு போல்ட்டை மறந்திருக்கலாம். ஒரு ஒயரைச் சரியாக மாட்டாமல் விட்டிருக்கலாம். பத்தில் ஒன்பது தடவை அப்படித்தான் இருக்கும்.

ஆனால் எங்கள் குடும்பத்துக்கு அந்தப் பத்தாவது தடவையைப் பற்றி யோசிக்கிற வழக்கமே கிடையாது. கடைசியாக எவன் தொட்டானோ அவன்தான் குற்றவாளி. என் அப்பா காலத்திலிருந்து இதுதான் சட்டம்.

ஒருமுறை மீட்டர் பார்க்க வந்த கரண்ட் ஆபீஸ்காரர் எங்கள் கிணற்றடியில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அன்று மாலை மோட்டார் கருகியது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். அப்பா ஒப்புக்கொள்ளவே இல்லை. மறுதடவை அந்த மனுஷன் வந்தபோது மீட்டர் இருக்கும் பக்கத்தைத் தூரத்திலிருந்தே கையால் காட்டினார். தண்ணீர் கிடைக்கவில்லை. அந்த மோட்டாருக்கு என் வயதிருக்கும் என்பதை யாரும் சொல்லவில்லை.

என் வியாபாரத்திலும் இதே பாடுதான். புடவையைக் கட்டிக்கொண்டு போய்ப் பந்தியில் உட்கார்ந்து ரசத்தைக் கொட்டிக்கொள்வார்கள். மறுநாள் என்னிடம் வந்து, "ஏனுங்க, சாயம் போகுதுங்க" என்பார்கள். மோந்து பார்த்தால் மிளகும் சீரகமும் மணக்கும். என்ன செய்ய? கடைசியாகத் தொட்டது நான் இல்லை என்றாலும், விற்றது நான்.

நாமக்கல்லில் மெக்கானிக் அல்லாதவர் யார்?

வேறு ஊராக இருந்தால் வண்டிக் கோளாறு ஒரு வீட்டோடு போய்விடும். நாமக்கல் பக்கம் அப்படி இல்லை. ஒரு வீட்டில் லாரி, அடுத்த வீட்டில் டேங்கர், அதற்கடுத்த வீட்டில் போர்வெல் போடுகிற ரிக் வண்டி. பால்காரர்கூட நின்று, காதைச் சாய்த்துக் கேட்டு, "ஏர் புடிக்குதுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பாலை அளப்பார்.

அண்ணனின் கூட்டாளி சின்னுசாமி மாமாவுக்கு ரிக் வண்டி. வண்டி வடமாநிலத்தில் போர் போட்டுக்கொண்டிருக்கும். மாமா இங்கே போனில் அதை ஓட்டிக்கொண்டிருப்பார். அண்ணன் அவரைக் கூப்பிட்டார்.

"போன எஞ்சின் கிட்டப் புடி" என்றார் மாமா.

அண்ணன் பிடித்தார். வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதாம்.

"டீசல்ல தண்ணி கலந்திருக்குது" என்றார் மாமா.

"மாமா, இது பெட்ரோல் வண்டிங்க" என்றாள் சௌமியா.

மாமா பெட்ரோலா என்று ஒருமுறை கேட்டுக்கொண்டார். பிறகு, "அப்ப அந்தப் பையன் எதையோ கழட்டிப் போட்டான். உசாரா இருந்துக்க" என்று சொல்லி வைத்துவிட்டார். அண்ணனுக்கு இந்த இரண்டாவது தீர்ப்பு ரொம்பப் பிடித்துப்போயிற்று. டீசல் விஷயத்தை அவர் மறந்தே போனார்.

வண்டி மறுபடி நவீனிடம் போனது. அன்று மாலையே சரியாகித் திரும்பியது. "ஒரு சாக்கெட் லூசா இருந்துச்சுங்க மாமா" என்றாராம். இரண்டு நாள் போகவில்லை, இன்னும் மோசமாக நடுங்கியது. இந்தத் தடவை காருக்குள் ஒரு வாசம் வேறு. ஏசி போட்டால் மஞ்சளும் கற்பூரமும் மணந்தது. அண்ணி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"முனியப்பனே வண்டிக்குள்ள வந்து உக்கார்ந்திருக்கறாரு" என்றார்.

அண்ணன் வேறுமாதிரி யோசித்தார். "சாமியே வந்தும் செரியாகுலைன்னா, தொட்ட கை அப்புடி. வண்டியையே ஒழுங்கா ஓட வெக்கத் தெரியாதவன் குடும்பத்த எப்புடி ஓட்டுவான்?"

வண்டிக்கு ஆகிற செலவு என்னவோ ஆகட்டும், அந்தப் பெண்ணின் கல்யாணம் ஒரு எஞ்சினில் போய் மாட்டிக்கொண்டதே! சௌமியா தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள் என்று அண்ணி போனில் சொன்னதும் நான் புடவையைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

எங்கேயும் நிறுத்தாதீங்க

மூன்றாம் முறை வண்டியை எடுக்க அண்ணனோடு நானும் போனேன்.

ஒர்க்‌ஷாப் சுத்தமாக இருந்தது. நான் எதிர்பார்க்கவில்லை. நவீன் கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து நாற்காலி போட்டார். எனக்கு மோர் வந்தது. வண்டியை ஸ்டார்ட் செய்து காட்டினார். பூனை மாதிரி முனகியது. நடுக்கமே இல்லை. மஞ்சள் விளக்கும் இல்லை.

"என்ன கோளாறு சாமி?" என்று கேட்டேன்.

"சின்னதுதானுங்கம்மா" என்றார். அண்ணன் முகத்தை ஒருமுறை பார்த்தார். "மாமா, ஒண்ணு மட்டும் சொல்றனுங்க. நேரா ஊட்டுக்குப் போயிருங்க. வழியில எங்கயும் நிறுத்தாதீங்க. பானெட்ட மட்டும் ஆரையும் தொறக்க உட்டுறாதீங்க."

"பாரு, எத்தன அக்கறை!" என்றார் அண்ணன் என்னிடம். அந்த நிமிஷம் நவீன் மறுபடி மாப்பிள்ளை.

அண்ணன் வழியில் நிறுத்தினார். நேரே முனியப்பன் கோயிலில்.

சேலம், நாமக்கல் பக்கம் வண்டி வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் தெரியும், புது வண்டியோ பட்டறையிலிருந்து வந்த வண்டியோ, முனியப்பனைப் பார்க்காமல் வீட்டுக்குள் நுழையாது. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், கண்ணாடிக்கு விபூதி, ஒரு சூடம். நானும் என் ஸ்கூட்டருக்குச் செய்திருக்கிறேன். முனியப்பன் மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை.

ஆனால் அன்று பூசாரி செய்தது வேறு. அண்ணனைப் பார்த்ததும் அவரே பானெட்டைத் தூக்கி முட்டுக் கொடுத்தார். கோயில் பின்னாலிருந்து ஒரு குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். குடம் நிறைய மஞ்சள் தண்ணீர், மேலே வேப்பிலை மிதந்தது.

"எதுக்குங்ணா இது?" என்றேன்.

"மொத வாட்டி ஒரு சொம்பு ஊத்துனோம். பத்தலை. ரெண்டாவது வாட்டி ரெண்டு சொம்பு. அதும் பத்தலை. இந்த வாட்டி பூசாரி கொடத்தோட ஊத்திப்போடலாம்னுட்டாரு" என்றார் அண்ணன், கைகூப்பியபடி.

"எங்க ஊத்தறதுங்ணா?"

"எஞ்சின் மேலதான். பொண்ணு வாழ்க்கை வெசயம். மேலாப்புல தெளிச்சாப் பத்துமா? உள்சூடு தணிய வேண்டாமா?"

பூசாரி குடத்தைச் சாய்த்தார். ஓடிவந்த சூட்டில் இருந்த எஞ்சின் 'உஸ்ஸ்' என்று ஆவி விட்டது. மஞ்சள் புகை எழும்பியது. அண்ணன் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சாமி ஏற்றுக்கொண்டதாம்.

நான் சேலை விற்கிறவள். எஞ்சினைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் மிக்ஸிக்குள் தண்ணீர் போனால் என்ன ஆகும் என்று தெரியும். எஞ்சின் தலையில் சின்னச் சின்னக் குழிகள் உண்டு, ஒவ்வொரு குழியிலும் ஒரு பிளக் உட்கார்ந்திருக்கும், அங்கே தண்ணீர் தேங்கினால் பொறி தட்டாது, ராத்திரி குளிர்ந்து காலையில் வண்டி நடுங்கும் என்பதெல்லாம் இளம்பிள்ளையில் எங்கள் ஆட்டோக்காரர் பிற்பாடு சொல்லித் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது மிக்ஸி மட்டும்தான். அதுவே போதுமாக இருந்தது.

வண்டியில் ஏறியதும் சொன்னேன். "அண்ணா, கோளாறு இந்தத் தண்ணியில இருக்குமுங்க."

அண்ணன் வண்டியை ஓரம் கட்டினார். என்னை இறக்கிவிடப்போகிறார் என்றே நினைத்தேன். "சாமி தண்ணியில கோளாறா? நாக்கு அழுகிப்போயிரும் சரோஜா" என்றார். வண்டியை எடுத்தார். வீடு வரும்வரை ஏசி மஞ்சள் மணத்தோடு குளிரக் குளிர வீசியது.

வாசலில்

இப்போது அந்தக் காலைக்கு வருகிறேன்.

அண்ணன் போன் செய்ய, நவீனே பைக்கில் கிளம்பி வந்துவிட்டார். கையில் ஒரு சின்னப் பெட்டி. எல்லோருக்கும் ஒரு வணக்கம் வைத்தார். வண்டியை அணைத்தார். பானெட்டைத் திறந்தார்.

நான் ஒரு பக்கம் நின்றேன். சௌமியா காபி டம்ளரோடு மறுபக்கம் நின்றாள். அண்ணன் நாலடி தள்ளி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பரீட்சை ஹாலில் நடக்கிற வாத்தியார்போல் நடந்துகொண்டிருந்தார்.

நவீன் எஞ்சின் தலையிலிருந்து விரல் நீளத்தில் ஒன்றை உருவினார். அதன் நுனியிலிருந்து சொட்டியது. நல்ல பசுமஞ்சள். ஒரு வேப்பிலைத் துணுக்குகூட ஒட்டியிருந்தது. அவர் சட்டென்று துணியை எடுத்துத் துடைத்தார். அண்ணன் எங்கே நிற்கிறார் என்று ஒரு பார்வை. துணியை மடித்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

"என்னங்க அது, மஞ்சளா?" என்றாள் சௌமியா.

"ஆயிலுங்க. சில ஆயில் இப்படித்தான் இருக்கும்."

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் நாள் முழுக்க நிறத்தைப் பார்த்து நோயைச் சொல்கிற பெண்ணிடம் இதைச் சொன்னார். அவள் டம்ளரை நீட்டவில்லை.

அண்ணன் கிட்டே வந்தார். "என்ன கோளாறு? இந்த வாட்டியாச்சும் முழுசாச் சொல்லுங்க."

நவீன் நிமிர்ந்தார். "என்ற தப்புத்தானுங்க மாமா. போன வாட்டி ஒரு சீல் செரியா உக்காருல. நான் கவனிக்காம உட்டுட்டனுங்க."

அண்ணன் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டுமே! கோபப்படுவார் என்று நினைத்தேன். மனுஷன் உருகிப்போனார். "பார்த்தியா, பார்த்தியா! தப்ப ஒத்துக்கறதுக்கு எத்தன பெரிய மனசு வேணும்! எனக்கு வண்டியா முக்கியம்? மரியாதைதானே முக்கியம்! ஏ புள்ள, காலண்டர எடுத்துட்டு வா. இன்னைக்கே நாள் குறிச்சுப்போடலாம்" என்று அண்ணியைப் பார்த்துக் கத்தினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டு எப்படி நிற்பது?

"தம்பி தப்பு ஒண்ணுமில்லீங்ணா. கொடம் கொடமா மஞ்சத்தண்ணி ஊத்துனா எந்த வண்டிதான் ஓடும்? இப்பத்தான உருவுனாரு, மஞ்சளாச் சொட்டுச்சு. நானே பார்த்தேன்" என்றேன், எல்லார் முன்னாலும்.

காலண்டரோடு வந்த அண்ணி வாயில் கை வைத்தார். அண்ணன் என்னைப் பார்க்கவே இல்லை. நவீன் பக்கம் திரும்பினார். "மாப்ள, தொழில் தெரிஞ்சவரு நீங்க சொல்லுங்க. சாமி தண்ணியாலயா வண்டி கெட்டுச்சு?"

நவீன் என்னைப் பார்த்தார். சௌமியாவைப் பார்த்தார். சௌமியாவும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு சொல்தான் தேவைப்பட்டது. 'ஆமாங்க' என்ற ஒரு சொல். அதுவும் அவர் வாயில் நாள் முழுக்கப் புரள்கிற சொல்தான்.

"அதெப்புடீங்க மாமா? சாமி தண்ணி என்னங்க பண்ணும்? அம்மா ஏதோ தெரியாமச் சொல்றாங்க."

அண்ணன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் காலண்டரோடு உள்ளே போனார். அண்ணியும் பின்னாலேயே போனார்.

காய வைத்து அனுப்புவது

சௌமியா போகவில்லை. டம்ளரைக் காரின் மேல் வைத்தாள்.

"மொத வாட்டியே தெரியுமுங்களா?" என்று கேட்டாள். குரலை உயர்த்தவே இல்லை.

நவீன் சுற்றும் முற்றும் பார்த்தார். நான்தான் இருந்தேன். மெதுவாகச் சிரித்தார். "தெரியாம இருக்குமுங்களா? கழட்டுனப்பவே மஞ்ச வாசம். ஒவ்வொரு வாட்டியும் எல்லாத்தையும் உருவித் தொடச்சு, காத்தடிச்சு, காய வெச்சுத்தான் அனுப்புனேன். மாமா மனசு நோகக் கூடாதில்லீங்க. கல்யாணம் முடியட்டும், பொறவு பக்குவமாச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். எல்லாம் உங்களுக்காகத்தானுங்க."

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதில் எனக்குச் சந்தேகமில்லை.

"உங்க ஊட்டுல ஆராச்சும் என்ற தலையில ஒரு கொடம் தண்ணி ஊத்துனாலும், இப்படித்தான் தொடச்சுக் காய வெச்சு மறுபடி அவிய கிட்டயே அனுப்புவீங்களா?" என்றாள் சௌமியா.

அவர் சிரிப்பு நின்றது. உள்ளேயிருந்து அண்ணன், "மாப்ள, வளர்பிறையில ஒரு புதன் இருக்குது" என்று கூப்பிட்டார். "வாரேனுங்க மாமா" என்று நவீன் போய்விட்டார். அதுதான் அவருடைய பதிலாக அமைந்தது.

சௌமியா அன்று மாலை அப்பாவிடம் வேண்டாம் என்றாள். வீடு அமளிப்பட்டது. காரணம் கேட்டார்கள். அண்ணி அழுதார். அண்ணன், "அந்தப் பையன் மேல ஒரு குத்தம் சொல்லு பார்க்கலாம். ஒண்ணே ஒண்ணு சொல்லு" என்று குதித்தார். அவள் அறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் பின்னால் போனேன்.

"நல்ல பையன்தான சாமி?" என்றேன். எனக்கே நாக்கு கூசியது. ஆனாலும் கேட்டேன். அரக்குப் பட்டு பையிலேயே இருந்தது, அவளுக்கு எடுப்பாக இருக்கும் என்று ஆசையாக நெய்யவைத்தது.

"நல்லவருதானுங்க அத்தை. அதுதான் பயமா இருக்குது. அவரு நல்லதனம் பூராவும் எங்கப்பனுக்கே போயிரும். எனக்குன்னு மிச்சம் இருக்காதுங்க" என்றாள். அப்போதுதான் அழுதாள். அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது என்பதை நான் சொல்லியிருக்கிறேன்.

ஊர் கேட்ட கதை

வரன் முறிந்தால் காரணம் வேண்டும். பெண் வேண்டாம் என்றாள் என்று எந்த அப்பன் வெளியே சொல்வான்? அதிலும் என் அண்ணன்? கைவசம் ஒரு காரணம் தயாராக இருந்தது. அதை நவீனே வாயாரச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

"வண்டிய மூணு வாட்டி கெடுத்துப்போட்டான். அவனே என்ற ஊட்டு வாசல்ல நின்னு, என்ற தப்புத்தான்னு ஒத்துக்கிட்டான்" என்று அண்ணன் சின்னுசாமி மாமாவிடம் சொன்னார். மாமா வாயில் விழுந்த செய்தி, ரிக் போகிற ஊருக்கெல்லாம் போகும். பண்ணைக்காரர்கள், முட்டை ஏஜெண்டுகள், தீவனக் கடைக்காரர்கள் என்று அண்ணனைத் தெரிந்தவர்களின் கார் எல்லாம் வேறு ஒர்க்‌ஷாப்புக்குப் போக ஆரம்பித்தன. பைபாஸில் பஸ்ஸில் போகும்போது எட்டிப் பார்ப்பேன். முன்பு வரிசையாக வண்டி நின்ற இடத்தில் ஒன்றோ இரண்டோ நிற்கும். பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது. கெட்டிக்காரத் தொழில்காரர். நல்ல கை.

ஒரு நாள் அவரே எனக்குப் போன் செய்தார். நம்பரை எப்படிப் பிடித்தாரோ தெரியாது. நான் கடைக்கு வந்த ஒரு கல்யாணக் கூட்டத்துக்குப் புடவை விரித்துக்கொண்டிருந்தேன். வெளியே வந்து பேசினேன்.

"அம்மா, ஊரெல்லாம் என்ற பேரு கெட்டுப்போச்சுங்கம்மா. வண்டியில என்ன இருந்துச்சுன்னு நீங்கதான் கண்ணால பார்த்தீங்க. மாமா கிட்ட, அந்தச் சின்னுசாமி அவிய கிட்ட, நாலு பேர்த்துக்கு முன்னால நீங்களாச்சும் உண்மையச் சொல்லக்கூடாதுங்களா?" என்றார். குரல் உடைந்திருந்தது.

"நாலு பேர்த்துக்கு முன்னாலதான் சாமி அன்னைக்குச் சொன்னேன்" என்றேன். "இல்லைன்னு சொன்னது நீங்க."